வால் எலும்பு வலி 'லைம்' நோயின் அறிகுறியா? மதுரைக்காரர்கள் பயப்பட வேண்டியது எதற்கு, பயப்பட வேண்டாதது எதற்கு? முழு விளக்கம்!

"உக்கார முடியல, உக்காந்தா எந்திரிக்க முடியல." மதுரையில் எலும்பு மருத்துவர்களின் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காதில் விழும் வார்த்தைகள் இவை. முதுகுத்தண்டு முடியும் இடத்தில், பிட்டத்துக்கு நடுவே, ஆணி வைத்து அழுத்தியது போல ஒரு வலி. வெளியே சொல்லக் கூச்சம். 'சூடு பிடிச்சிருக்கும்', 'மூலமா இருக்கும்' என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். விளக்கெண்ணெய் தடவி, மோர் குடித்து, மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள்.

இப்போது புதிதாக இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. செல்போனில் தேடினால், வால் எலும்பு வலிக்கான காரணங்களில் 'லைம் நோய்' என்ற பெயரும் வந்து நிற்கிறது. உண்ணி கடித்தால் வரும் நோய் என்று அதில் இருக்கும். வீட்டில் மாடு இருக்கிறது, நாய் இருக்கிறது, உண்ணியும் இருக்கிறது. அப்போ நமக்கும் அதுவாக இருக்குமோ?

மதுரை நகரிலும் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி சமவெளியிலும் வசிப்பவருக்கு வரும் வால் எலும்பு வலிக்கு லைம் நோய் காரணமாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் 'லைம் இல்லை' என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இங்கே உண்மையிலேயே கவனிக்க வேண்டிய வேறு சில நோய்கள் இருக்கின்றன.

வால் எலும்பு என்பது எது?

முதுகெலும்பின் கடைசித் துண்டுதான் வால் எலும்பு. மூன்று முதல் ஐந்து சிறு எலும்புகள் சேர்ந்து உள்பக்கமாக வளைந்திருக்கும். கிரேக்க மொழியில் குயிலின் அலகைக் குறிக்கும் சொல்லைத்தான் மருத்துவத்தில் இதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். வடிவம் அப்படி.

நாம் உட்காரும்போது உடல் எடையை இரண்டு பக்க இடுப்பு எலும்புகளும் வால் எலும்பும் சேர்ந்து தாங்குகின்றன. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் வால் எலும்பின் மேல் பாரம் கூடும். முன்பக்கம் சாய்ந்தால் குறையும். அதனால்தான் இந்த வலி உள்ளவர்கள் தங்களை அறியாமலேயே முன்னால் குனிந்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ உட்காருகிறார்கள்.

உட்கார்ந்தால் வலி, எழும்போது சுரீர் என்று குத்தல், நடந்தால் நிம்மதி. இதுதான் சாதாரண வால் எலும்பு வலியின் அடையாளம். சிலருக்கு மலம் கழிக்கும்போதும் வலி கூடும்.

யாருக்கு அதிகம் வருகிறது?

ஆண்களைவிடப் பெண்களுக்கு சுமார் ஐந்து மடங்கு அதிகமாக வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இடுப்பெலும்பின் அமைப்பும் பிரசவமும் அதற்குக் காரணங்கள்.

படிக்கட்டில் வழுக்கி உட்கார்ந்த நிலையில் விழுவது மிகப் பொதுவான காரணம். சிலருக்கு விழுந்த அன்று பெரிதாகத் தெரியாது. சில வாரம் கழித்து வலி பிடித்துக்கொள்ளும். நீண்ட நேரம் கடினமான இடத்தில் உட்காருவது இன்னொரு காரணம். தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பூக்கட்டுபவர்கள், தறியில் உட்காருபவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், வேகத்தடைகளில் குலுங்கியபடி தினமும் நெடுந்தூரம் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். உடல் பருமனும் காரணமாகலாம். அதேபோல திடீரென எடை குறைந்து, பிட்டத்தின் கொழுப்பு கரைந்தாலும் எலும்பு நேரடியாகத் தரையில் படும்.

எந்தக் காரணமும் பிடிபடாமல் வலி மட்டும் இருப்பவர்களும் கணிசமாக உண்டு.

லைம் நோய் என்றால் என்ன?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஓர் ஊர். 1970களின் நடுவில் அந்தப் பகுதிக் குழந்தைகள் பலருக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீக்கம் வந்தது. பாலி முர்ரே என்ற பெண்மணி தன் குடும்பத்தில் வந்த நோயை விடாமல் முறையிட்டார். மருத்துவர் ஆலன் ஸ்டீர் குழுவினர் ஆராய்ந்து, இது உண்ணியோடு தொடர்புடையது என்று கண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் அதற்குக் காரணமான பாக்டீரியாவை அடையாளம் காட்டினார். அந்தக் கிருமிக்கு 'பொரேலியா பர்க்டார்ஃபெரி' என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

இதைப் பரப்புவது 'இக்ஸோடஸ்' என்ற வகை உண்ணி. கடித்து பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உடலில் ஒட்டியிருந்தால்தான் கிருமி உள்ளே போகும். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தோலில் சிவந்த வட்டம் தோன்றி விரியும். பெரும்பாலான நோயாளிகளுக்கு இது வரும். காய்ச்சல், உடல்வலி, தலைவலி உடன் வரலாம். கவனிக்காமல் விட்டால் முகத்தசை ஒரு பக்கம் கோணுவது, இதயத் துடிப்பில் மாற்றம், முழங்கால் வீக்கம் என்று போகும்.

இதில் வால் எலும்பு எங்கே வருகிறது? நேரடியாக வருவதில்லை. லைம் கிருமி சிலருக்கு முதுகுத்தண்டில் இருந்து கிளம்பும் நரம்பு வேர்களைத் தாக்கும். குறிப்பாக ஐரோப்பாவில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. அப்போது முதுகிலோ, இடுப்பிலோ, காலிலோ கடுமையான எரிச்சல் வலி வரும், இரவில் கூடும். இடுப்புக்குக் கீழ் உள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டால் அந்த வலி வால் எலும்புப் பக்கமும் தெரியலாம். ஆனால் 'உட்கார்ந்தால் மட்டும் வலி, எழுந்தால் சரி' என்ற வலி இந்த வகையில் சேராது.

மதுரையில் லைம் வருமா?

லைமைப் பரப்பும் உண்ணிக்கு ஈரமும் நிழலும் இலைச் சருகும் வேண்டும். காய்ந்த மண்ணில் அது பிழைக்காது. மதுரைச் சமவெளியின் வெயிலும் வறட்சியும் அதற்கு ஒத்துவராது. இங்கே மாட்டின் மடியிலும் நாயின் காதுமடலிலும் தொங்கும் உண்ணிகள் வேறு இனத்தவை. அவை லைம் நோயைப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை.

அதற்காக தென்னிந்தியாவில் லைம் நோயே இல்லை என்று சொல்லவும் முடியாது. கேரளாவின் வயநாட்டில் 2013-ல் பதிவானது. 2023 டிசம்பரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒருவருக்கு உறுதியானது. கர்நாடகாவின் நாகரஹொளே, பந்திப்பூர் வனப்பகுதிகளில் நடந்த ஆய்வில், அங்கு இருப்பவர்களின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கான எதிர்ப்பணுக்கள் காணப்பட்டன. இவற்றில் வயநாடும் கர்நாடக வனங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய காட்டுப் பகுதிகள்.

எனவே மதுரைக்காரர் ஒருவருக்கு லைம் சந்தேகம் வர நியாயமான சூழல்கள் சில உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலோ ஐரோப்பாவிலோ பிள்ளைகள் வீட்டில் தங்கிவிட்டு வந்திருந்தால் அப்படிச் சந்தேகிக்கலாம். வயநாடு போன்ற காடுகளில் தங்கி, உண்ணி கடித்தது தெரிந்திருந்தாலும் அப்படித்தான். அதன் பின் தோலில் விரிந்துகொண்டே போகும் சிவப்பு வட்டம் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 'எங்கே போனீங்க, எப்போ போனீங்க' என்ற ஒரே கேள்வி பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

எதற்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லைம் பரிசோதனை ரத்தத்தில் கிருமியைத் தேடுவதில்லை, எதிர்ப்பணுக்களைத் தேடுகிறது. வேறு சில தொற்றுகளும் மூட்டுவாத நோய்களும் இருந்தாலும் 'பாசிட்டிவ்' காட்டக்கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வலி உள்ள 1,000 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்கு டெஸ்ட் தவறாக 'பாசிட்டிவ்' சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,000 பேருக்கு டெஸ்ட் எடுத்தால் சுமார் 50 பேருக்குப் பொய்யான 'பாசிட்டிவ்' வரும். உண்மையான நோயாளி அந்தக் கூட்டத்தில் ஒருவர். நோய் அரிதாக உள்ள ஊரில், அறிகுறி பொருந்தாமல் எடுக்கும் டெஸ்ட் தெளிவைவிடக் குழப்பத்தைத்தான் கூட்டும். இதனால்தான் முதல் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் இரண்டாவது உறுதிப் பரிசோதனை கட்டாயம் என்பது விதி.

அடுத்த ஆபத்து, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக். லைம் உறுதியானவர்களுக்கே பொதுவாக சில வார மருந்துதான். சிகிச்சை முடிந்த பிறகும் வலியும் சோர்வும் தொடர்ந்தவர்களுக்கு நீண்டநாள் ஆன்டிபயாடிக் கொடுத்து அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் சோதித்தார்கள். 2001-லும் 2016-லும் வெளியான அந்த முடிவுகள், கூடுதல் பலன் இல்லை என்றே சொல்லின.

அப்போ நம்ம ஊரில் கவனிக்க வேண்டியது என்ன?

1. ஸ்க்ரப் டைபஸ்

தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயர் இந்த நோய்க்குத்தான் வழங்குகிறது. பெயர்தான் குழப்பம். இதைப் பரப்புவது மாட்டில் தொங்கும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம். இணையத்தில் 'உண்ணி கடி' என்று தேடுகிறவர்கள் லைமைப் படித்துப் பயந்துவிட்டு, இதைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உள்ள 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்து, வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. ஆண்டுக்குப் 10 சதவீதம் பேர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாவது அதில் தெரிந்தது. 2025-ன் தொடக்கத்தில் மாநிலப் பொது சுகாதாரத் துறையும் இந்தக் காய்ச்சல் பற்றி எச்சரிக்கை விடுத்தது. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் இது கூடும்.

வால் எலும்போடு இதற்கு என்ன சம்பந்தம்? பூச்சி கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு, பிட்டத்தின் மடிப்பு என்று நாம் பார்க்காத இடத்தில்தான் இது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். காய்ச்சலோடு உடம்புவலி, இடுப்புவலி என்று வருபவரின் அந்த மடிப்புகளைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கூச்சத்தால் காட்டாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். சரியான நேரத்தில் கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்ற விலை குறைந்த மாத்திரைகளே போதும். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்.

2. எலும்புக் காசநோய்

காசநோய் என்றால் இருமல் என்றுதான் நினைப்போம். முதுகெலும்பைத் தாக்கும் காசநோயில் இருமலே இல்லாமல் இருக்கலாம். வாரக்கணக்கில் குறையாத முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவை இதன் அடையாளம். முதுகின் நடுப்பகுதியையும் இடுப்பையும்தான் அதிகம் தாக்கும்; வால் எலும்பில் வருவது அரிது. அரிது என்றாலும் விட்டுவிட்டால் கால் செயலிழக்கும் அபாயம் இருப்பதால் மருத்துவர்கள் இதை மனதில் வைத்துப் பார்ப்பார்கள். மருந்து அரசு மூலம் முற்றிலும் இலவசம். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் காசநோய் சிகிச்சை உண்டு.

3. புருசெல்லா தொற்று

மாடு, ஆடு வளர்ப்பவர்கள் 'கன்று வீச்சு நோய்' என்று சொல்வது இதைத்தான். சினை ஆடு, மாடு குறைமாதத்தில் கன்றை வீசும். அந்தக் கழிவைக் கையுறை இல்லாமல் எடுத்தாலோ, காய்ச்சாத பாலைக் குடித்தாலோ மனிதர்களுக்கும் வரும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், வியர்வை, பிட்டத்துக்கு மேல் இருக்கும் இடுப்பு மூட்டில் வலி என்று நீடிக்கும். வீட்டில் கால்நடை இருப்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் இந்தச் சந்தேகமே யாருக்கும் வராது.

4. இடுப்பு மூட்டு வாதம்

40 வயதுக்குள் இருப்பவருக்குக் காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகிக்கிடக்கிறதா? ஓய்வெடுத்தால் வலி கூடி, நடந்தால் குறைகிறதா? அப்படியானால் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். வாத நோய் நிபுணரைப் பார்ப்பது நல்லது.

5. முடிக்கட்டி

வால் எலும்புக்கு மேலே பிட்டப் பிளவில் முடி உள்ளே புகுந்து சீழ் கட்டுவது. நீண்ட நேரம் உட்கார்ந்து வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கு அதிகம். இரண்டாம் உலகப்போரில் ஜீப் ஓட்டிய அமெரிக்க வீரர்களுக்கு ஏராளமாக வந்ததால் 'ஜீப் நோய்' என்றே பெயர் பெற்றது. வீக்கம், சீழ், ஈரம் தெரிந்தால் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

* சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது
* மலம் தெரியாமல் போவது
* பிட்டம், தொடையின் உள்பகுதி மரத்துப்போவது
* கால்கள் பலமிழப்பது
* காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து வருவது
* காரணமில்லாமல் எடை குறைவது
* படுத்தாலும் குறையாத இரவு வலி
* ஏற்கெனவே புற்றுநோய் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் வலி

முதல் நான்கில் எது இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சாதாரண வால் எலும்பு வலியோடு எப்படி வாழ்வது?

இந்த ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே குணமாகும். ஆனால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும். பொறுமை வேண்டும்.

உட்காரும் இடத்தை மாற்றுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தையைவிட, பின்பக்கம் வெட்டுவிட்ட ஆப்பு வடிவ மெத்தை பலருக்கு வசதியாக இருக்கிறது. வால் எலும்பு அந்தரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். எழும்போது முன்னால் குனிந்து, பிறகு எழுந்தால் குத்தல் குறையும். சோபாவில் சரிந்து உட்கார்ந்து டிவி பார்ப்பதுதான் வால் எலும்புக்கு மோசமான எதிரி.

வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய அகன்ற டப்பில் 10, 15 நிமிடம் உட்காரலாம். மலச்சிக்கலைத் தவிர்க்க வேண்டும். கீரை, பழம், தண்ணீர் போதுமான அளவு வேண்டும். முக்கி மலம் கழித்தால் வலி கூடும்.

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. இடுப்பு அடித்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி நல்ல பலன் தரும். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி கிடைக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் வசதியும் இருக்கிறது.

இதற்கும் அடங்காவிட்டால் உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு அளவுக்கு மீறி அசைகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. பிறகு வலியுள்ள இடத்தில் ஊசி. வால் எலும்பை அகற்றும் அறுவை சிகிச்சை கடைசி வழிதான். அந்த இடத்தில் புண் ஆறுவது கடினம், தொற்று வரும் வாய்ப்பும் உண்டு.

உண்ணி கடித்தால் என்ன செய்யணும்?

மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு வைப்பது, பீடி நெருப்பால் சுடுவது எதுவும் வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும். புதரில், தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் அந்தத் துணியோடு பாயில் படுக்காமல், குளித்து உடை மாற்றுவது ஸ்க்ரப் டைபஸுக்கும் நல்ல தடுப்பு.

மருத்துவரிடம் போகும்போது

எப்போது தொடங்கியது, விழுந்தது உண்டா, உட்கார்ந்தால் கூடுகிறதா, இரவில் கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் கால்நடை உண்டா, வெளியூர் காடுகளுக்கோ வெளிநாட்டுக்கோ போனது உண்டா என எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வலி இருக்கும் இடத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவர் அல்லது செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணிலும், அவசரம் என்றால் 108-லும் அழைக்கலாம்.

வால் எலும்பு வலி என்றதும் லைம் என்று முடிவுகட்ட வேண்டாம். 'மூலச்சூடு' என்று மாதக்கணக்கில் மறைத்துவைக்கவும் வேண்டாம். உட்கார்ந்தால் மட்டும் வலித்தால் மெத்தையும் பொறுமையும் பெரும்பாலும் போதும். கூடவே காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.